ஒதுங்குதலும் ஒதுக்குதலும்

‘அடங்கினான்’ என்றால் அவனே அடங்கினான். ‘அடக்கினான்’ என்றால் மற்றொருவனை அடக்கினான். அவ்வாறே ‘ஒதுங்குதல்’ ஒருவர் தாமாகச் செய்வது. ‘ஒதுக்குதல்’ அவருக்குப் பிறர் செய்வது. மெல்லினம் இருந்த இடத்தில் வல்லினம் வந்து அமர்கிறது. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் இதனை நாம் எல்லோரும் படித்தோம். ஆயினும் ‘தனிமை’ என்ற சொல்லைக் கையாளும்போது மட்டும் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலோர் மறந்து விடுகின்றனர்.

2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது ‘தனிமைப்படுத்தல்’ என்னும் சொல் அரசாணைகளில் ஏறியது. அங்கிருந்து வீட்டுக் கதவுகளில் ஒட்டப்பட்ட தாள்களுக்கு இறங்கியது. அதுவரை தனிமை என்பது பெரும்பாலும் கவிஞர்களும் ஞானிகளும் புழங்கிய சொல்லாகவே இருந்தது. அதன்பின் பள்ளிவாசலில் இறைவனை நாடி அமர்ந்திருப்பவரும், நோயுற்று அறைக்குள் படுத்திருப்பவரும், ஊரார் முகம் திருப்பிக்கொண்டதால் வீட்டுக்குள் முடங்கியவரும் ஒரே சொல்லால் குறிக்கப்படலாயினர். முன்னது வணக்கம், நடுவிலுள்ளது பாதுகாப்பு, கடைசியது பெரும்பாலும் பாவம். மூன்றும் ஒரே சொல்லுக்குள் புகுந்துவிட்டால், பாவத்தைச் செய்பவனும் பாதுகாப்பைச் செய்வதாக எண்ணிக்கொள்வான் அல்லவா?

1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த நம் புதுவையில், அம்மொழி அறிந்த பெரியோர் இன்னும் இருக்கிறார்கள். தனித்து நிற்பதைப் பிரெஞ்சில் ‘இசோலே’ என்பர். அது ‘இசோலா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இசோலா என்றால் தீவு. ஆக, ஒருவரைத் தனிமைப்படுத்துவதென்றால் அவரைத் தீவாக்கி விடுவது என்று பொருள். இது வெறும் உவமையும் அன்று. வெனிஸ் நகரத்தார் 1423 இல் கொள்ளைநோய் கண்டவர்களுக்கென நகரை அடுத்த ஒரு சிறு தீவில் விடுதி அமைத்தார்கள். அதற்கு முன்பே, 1377 இல், ரகூசா என்ற துறைமுக நகரம் நோய்ப் பகுதிகளிலிருந்து வருவோரை முப்பது நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பின்னர் முப்பது நாற்பதாயிற்று. நாற்பதுக்குப் பிரெஞ்சில் ‘கராந்த்’; நோய்க்காகத் தனித்து வைக்கும் காலத்துக்குக் ‘கராந்தேன்’.

இந்த நாற்பது நமக்குப் புதிதன்று. ஸூபியாக்கள் தனித்திருந்து தியானிக்கும் காலத்தைச் ‘சில்லா’ என்பார்கள். பாரசீகத்தில் ‘சிஹில்’ என்றால் நாற்பது. நபி மூஸா (அலை) அவர்கள் தூர் மலையில் முப்பது இரவுகளுடன் பத்தும் சேர்த்து நாற்பது இரவுகளை நிறைவு செய்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நம் வீடுகளில் ‘நாற்பது’ என்று சொன்னாலே போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும். தப்லீக் பணிக்குப் புறப்படுவோரும் நாற்பது நாளைச் சில்லா என்றுதான் சொல்கிறார்கள். அவர்களோ தனித்திருக்கப் போகவில்லை, மக்களைத் தேடிப் போகிறார்கள்! சொற்கள் இவ்வாறு பயணம் போவதைக் காண்பது ஓர் இன்பம். அது நிற்க.

கணக்குதான் இங்கே முக்கியம். வெனிஸ்காரரின் நாற்பதுக்கும் ஸூபியாக்களின் நாற்பதுக்கும் முடிவு நாள் ஒன்று உண்டு. உள்ளே போகிறவர் எந்த நாளில் வெளியே வருவார் என்பது முன்பே தெரியும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிரா குகையில் தனித்திருந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தனிமை அவர்களுக்கு விருப்பமானதாக ஆக்கப்பட்டது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் அதே அறிவிப்பில் உள்ள ஒரு சிறு செய்தியைப் பலர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். பெருமானார் உணவை எடுத்துக்கொண்டு குகைக்குச் செல்வார்கள். அது தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வருவார்கள்; மீண்டும் உணவு பெற்றுச் செல்வார்கள். உலகத்தை மாற்றிய அந்தத் தனிமைக்கு வெளியே, ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுக்க ஒரு வீடு இருந்தது. தனித்திருப்பவருக்கு உணவு கொடுத்தனுப்பி, திரும்பும் நாளை எதிர்பார்த்திருக்க வெளியே ஒருவர் வேண்டும்.

இஃதிகாபிலும் இதுவே நடந்தது. ரமலானின் கடைசிப் பத்தில் பெருமானார் (ஸல்) பள்ளியில் தங்குவார்கள். அப்போது தம் தலையை அறைப் பக்கம் நீட்ட, அன்னை ஆயிஷா (ரலி) தலை வாரி விடுவார்கள். அன்னை ஸபிய்யா (ரலி) ஓரிரவு காண வந்து உரையாடி இருந்துவிட்டு எழுந்தபோது, பெருமானார் உடன் நடந்து வழியனுப்பினார்கள். இஃதிகாப் இருப்பவர் யாரோடும் பேசக்கூடாது என்று நம்மவரில் சிலர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். வாய் திறவாமையையே வணக்கமென்று கருதுவதைச் சட்ட மேதைகள் வெறுத்திருக்கிறார்கள். ஹனபி நூல்களில் இந்த இஃதிகாப் ‘ஸுன்னத் கிபாயா’ எனப்படுகிறது. ஒரு மஹல்லாவில் ஒருவராவது இருந்துவிட்டால் மற்றவர்கள் மீதுள்ள பொறுப்பு நீங்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் அந்த ஒருவர் தெரு முழுவதற்காகவும் இருக்கிறார். அவருக்கு நோன்பு திறக்கக் கஞ்சியும் ஸஹருக்குச் சோறும் அனுப்புவதில் தெருவுக்கு உபகாரப் பெருமை ஏதும் இல்லை; அது தெருவின் கடன்.

நம் ஊரில் தனித்திருத்தல் என்றதும் பலருக்கும் அரவிந்தரின் நினைவு வரும். 1926 நவம்பர் 24 க்குப் பின் அவர் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலகிக்கொண்டார். 1950 இல் மறையும் வரை ஆண்டில் குறித்த சில நாட்களில் மட்டும் காட்சி தந்தார். அவருடைய கொள்கை வேறு, நம் மார்க்கம் வேறு. எனினும் அவர் விலகியபோது ஆசிரமப் பொறுப்பு முழுவதையும் அன்னை எனப்பட்ட அம்மையார் ஏற்றுக்கொண்டார் என்பதும், உள்ளே இருந்தபடியே அவர் சீடர்களின் கடிதங்களுக்குப் பல ஆண்டுகள் பதில் எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கவை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095 இல் பக்தாதின் பேராசிரியர் பீடத்தைத் துறந்து, டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் கதவடைத்து இருந்தார்கள். ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்குப் பின் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தார்கள். தமது ‘இஹ்யா’ நூலில் உஸ்லத் என்னும் ஒதுக்கத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, அதன் நன்மைகளையும், மக்களோடு கலந்து வாழ்வதன் நன்மைகளையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். மினாராவில் இருந்தவர் அதை எழுதினார் என்பதால்தான் அதற்கு இத்தனை எடை.

இனி நோய்க்கு வருவோம். ஹிஜ்ரீ 18 இல், அதாவது கி.பி. 639 இல், ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகு என்ற எல்லையூர் வரை சென்று, செய்தி கேட்டு, தோழர்களைக் கலந்து ஆலோசித்துத் திரும்ப முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) வினவ, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடையளித்தது புகழ்பெற்ற செய்தி. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அங்கிருந்து தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்த பிறகு அம்முடிவு உறுதிப்பட்டது.

இந்த நபிமொழியின் முதற் பாதியை 2020 இல் எல்லா மேடைகளிலும் கேட்டோம். இரண்டாம் பாதியைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. ஊரை விட்டு ஏன் ஓடக்கூடாது? நோய் வெளியே பரவும் என்பது ஒரு காரணம். இமாம் கஸ்ஸாலி வேறொன்றையும் சொல்கிறார்கள். நலமாயிருப்பவர் எல்லோரும் வெளியேறிவிட்டால் படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பவர் யார்? ஊர் வாயிலை அடைக்கச் சொன்ன அதே கட்டளைக்குள் நோயாளிக்குத் துணை நிற்கும் கட்டளையும் அடங்கியிருக்கிறது. தம் மகள்மாரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவரான இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள்.

தொழுநோய் பற்றி ஒரு நிகழ்ச்சி ‘முவத்தா’வில் வருகிறது. கஅபாவைச் சுற்றிவந்த ஒரு பெண்மணிக்குத் தொழுநோய் இருக்கக் கண்ட உமர் (ரலி), மக்களுக்குத் தொல்லையாகாமல் வீட்டில் இருந்தால் நல்லதென்று மென்மையாகச் சொன்னார்கள். அவரும் இருந்துவிட்டார். கலீபா மறைந்தபின், தடுத்தவர்தான் போய்விட்டாரே, வெளியே வாருங்களேன் என்று ஒருவர் சொன்னபோது, உயிரோடிருந்தபோது கட்டுப்பட்டுவிட்டு இறந்தபின் மாறு செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஒதுக்க வந்த சொல் மரியாதையோடு வந்ததால், அவர் தாமே ஒதுங்கினார். ஹிஜ்ரீ 88 இல் கலீபா வலீத் தொழுநோயாளர் தெருவில் கையேந்தாதிருக்க உதவித்தொகை வகுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நம் நாட்டிலோ 1939 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் கணவனின் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக எண்பது ஆண்டுகள் இருந்தது. குணப்படுத்தக்கூடிய நோய் என்று ஆனபின்னும் நெடுங்காலம் கழித்து, 2019 இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. மற்ற சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் அப்போதே நீக்கினார்கள்.

பழைய ஹாஜிகளின் பேச்சில் ‘கம்ரான்’ என்ற பெயர் அடிக்கடி வரும். யமன் கரைக்கு அப்பால் செங்கடலில் உள்ள தீவு அது. 1865 இல் மக்காவில் காலரா பெரும் நாசம் விளைவித்தது. அதன் பின்னர் நடந்த சர்வதேச ஆலோசனைகளை ஒட்டி, துருக்கி அரசு 1882 இல் அங்கே தனிமை நிலையம் அமைத்தது. தெற்கிலிருந்து வரும் இந்திய, ஜாவா யாத்திரிகர்களின் கப்பல்கள் அங்கே நின்றன. அவர்கள் கரை இறங்கி, துணிமணிகளை நீராவியில் வேகவைக்கக் கொடுத்து, கட்டணமும் கட்டி, நாட்களை எண்ணிக் காத்திருந்தார்கள். 1915 இல் அத்தீவு ஆங்கிலேயர் கைக்குப் போன பின்னும் நிலையம் தொடர்ந்தது. மனக்குறைகள் நிறைய இருந்தன. ஆயினும் குறித்த நாள் முடிந்ததும் கப்பல் ஜித்தாவுக்குப் புறப்பட்டது.

மண்டபத்தின் கதை வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகச் சில நாட்கள் நிறுத்திவைத்த இடம் அது. ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. 1983 க்குப் பின் அதே இடம் இலங்கை அகதிகளுக்கு முகாமாயிற்று. தொழிலாளி அங்கே நாட்களை எண்ணினார். அகதி ஆண்டுகளை எண்ணினார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தன. முடிவு நாள் இல்லாது போனால் அதே மண்ணும் அதே கூரையும் வேறொன்றாகிவிடுகின்றன.

அந்த இலங்கையில், இறந்தவர்களையும் தனிமைப்படுத்தினார்கள். கொரோனாவால் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் 2020 ஏப்ரல் 11 இல் வெளியான அரசிதழ் அறிவிப்பு எரிப்பதை மட்டுமே அனுமதித்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புச் சட்டத்தின் கீழ்! முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளேயான பச்சிளங் குழந்தையும் தப்பவில்லை. அதன்பின் கொழும்பு மயானத்தின் வாயிற் கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் பிற சமயத்தாரும் பலர். 2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. உடனே அரசு அடக்க இடமாகத் தேர்ந்தது இரணைதீவை. மறுபடியும் ஒரு தீவு! அத்தீவின் மீனவ மக்களோ 1992 இல் வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டு போராடி, 2018 இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர்கள். அவர்களுடைய எதிர்ப்புக்குப் பின் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். எரித்தது தவறென்று இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. நான்கு ஆண்டுகள் பிந்திய மன்னிப்பு. எனினும் எல்லா அரசுகளும் அதனைக் கேட்பதில்லை.

கடல் கடந்து பேசிவிட்டு நம் ஊரை மறைப்பது நேர்மையாகாது. 2020 ஜூனில் இதே புதுச்சேரியில், நோயால் இறந்த ஒருவருடைய உடலைக் குழிக்குள் தூக்கி எறிந்த காட்சி காணொளியாக நாடெங்கும் பரவி, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. கவச உடை அணிந்தவர் கைகளும் மென்மையாக இறக்கி வைக்கலாம். அந்த நாட்களில் தமிழகமெங்கும் முஸ்லிம் இளைஞர்கள் சமய வேறுபாடின்றிப் பல உடல்களை அவரவர் முறைப்படி நல்லடக்கம் செய்து கொடுத்தார்கள். அவர்களும் அதே கவச உடையைத்தான் அணிந்திருந்தார்கள்.

மிகக் கடினமான பகுதி இனித்தான் வருகிறது. அது நோயைப் பற்றியதன்று. ஊர் விலக்கத்தைப் பற்றியது. குறைஷிகள் ஹாஷிம் குடும்பத்தாரை அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். கொடுக்கல் வாங்கல் இல்லை, பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அப்போது ஹிஷாம் இப்னு அம்ரு இரவில் ஒட்டகத்தில் உணவேற்றிக் கணவாயின் வாயில் வரை கொண்டுவந்து, கயிற்றை அவிழ்த்து விலாவில் தட்டி உள்ளே அனுப்பி விடுவார். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஒதுக்கியவர் கூட்டத்திலேயே ஒரு நெஞ்சு இளகியது.

தபூக் போருக்குப் போகாது பின்தங்கிய மூவரின் நிகழ்ச்சியையே இன்றும் ஜமாஅத் விலக்கத்துக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டுவோர் உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) தம் வாயாலேயே அதனை விரிவாக அறிவிக்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. நெருங்கிய உறவினரான அபூ கதாதாவின் தோட்டச் சுவரேறி ஸலாம் சொன்னார்கள், பதில் இல்லை. கஸ்ஸான் மன்னன், எம்மிடம் வாரும் என்று கடிதம் எழுதினான். அதை அடுப்பில் இட்டார்கள். ஆனால் அதே அறிவிப்பை முழுவதும் படிக்க வேண்டும். அவர்களுக்குத் தொழுகை தடுக்கப்படவில்லை. கஅப் பள்ளிக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூவரில் முதியவரான ஹிலால் (ரலி) அவர்களின் மனைவி வந்து, பணிவிடைக்கு ஆளில்லை என்று முறையிட, உடன் இருந்து பணி செய்ய அனுமதி கிடைத்தது. ஐம்பதாம் இரவு முடிந்ததும் இறைவனே மன்னிப்பை இறக்கினான். நற்செய்தி கேட்டுப் பள்ளிக்குள் நுழைந்த கஅபை நோக்கி, தல்ஹா (ரலி) எழுந்து ஓடிவந்து கைபற்றி வாழ்த்தினார்கள். அதைத் தாம் ஒருபோதும் மறக்கவில்லை என்கிறார்கள் கஅப்.

எந்த ஜமாஅத் செயலாளருக்கு வஹீ வருகிறது? சந்தா பாக்கி என்று சந்தூக்கைத் தர மறுப்பதும், நிர்வாகத்தை எதிர்த்துப் பேசினார் என்று மகளின் நிக்காஹுக்குத் தஃப்தரைத் தர மறுப்பதும், மையவாடிக் கதவைப் பூட்டுவதும் எந்தக் கிதாபில் எழுதியிருக்கின்றன? ஐம்பது நாளும் அல்ல, ஆண்டுக் கணக்கில்! சமூக விலக்குக்கு எதிராக மகாராஷ்டிர அரசு 2016 இல் தனிச் சட்டமே இயற்றியது. பம்பாய் மாகாணம் 1949 இல் இயற்றிய பழைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1962 இல் தாவூதி போஹ்ரா வழக்கில் செல்லாதென்றது. அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யும் பொருட்டு 2023 இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு வழக்கு அனுப்பப்பட்டது. நம்மை நாமே திருத்திக்கொண்டால் நீதிமன்றங்களுக்கு இந்த வேலை மிச்சமாகும்.

விலக்கம் வெளிவாசலில் மட்டுமே நிகழ்வதாகவும் எண்ண வேண்டாம். சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டு மருமகள் தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், மாமி இத்தாவில் இருக்கிறார்கள். காலில் ஆறாத புண். சர்க்கரை நோயும் உண்டு. கட்டுப் போட வெளியே அழைத்துப் போகக்கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்வது?” விசாரித்ததில், அந்த அம்மையாரை இருட்டறையில் வைத்து, கண்ணாடியைத் திருப்பி வைத்து, சகோதரியின் மகனைக்கூடப் பார்க்கவிடாமல் திரை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சகோதரியின் மகன் மஹ்ரம் ஆயிற்றே!

கணவனை இழந்தவளுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர்த்துத் தன் வீட்டிலேயே இரவு தங்க வேண்டும். தேவைக்காகப் பகலில் வெளியே சென்றுவரத் தடையில்லை. உஹதில் கணவரை இழந்த பெண்கள், இரவில் தனியே இருக்கப் பயமாயிருக்கிறது என்று பெருமானாரிடம் முறையிட்டார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. பகலில் ஒருத்தி வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருங்கள், உறங்கும் நேரத்தில் அவரவர் வீடு செல்லுங்கள் என்று அனுமதித்தார்களாம். விவாகரத்தாகி இத்தாவில் இருந்த, ஜாபிர் (ரலி) அவர்களின் தாயாருடைய சகோதரிக்குத் தம் பேரீச்ச மரத்தில் கனி பறித்துவர அனுமதி கிடைத்த நபிமொழி முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. பேரீச்சம் பழத்துக்கு வெளியே போகலாம் என்றால் புண்ணுக்குப் போகக்கூடாதா? இருட்டறையும் திருப்பி வைத்த கண்ணாடியும் நாம் எங்கிருந்தோ இரவல் வாங்கியவை.

இவற்றையெல்லாம் அந்த வீட்டுப் பெரியவரிடம் கிதாபைத் திறந்து வைத்தே விளக்கினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் வண்டி நானே கொண்டு வருகிறேன்” என்றார். மறுநாள் காலை அம்மையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். புண் ஆறிவருவதாகச் சென்ற வாரம் மருமகள் சொன்னார். இத்தா முடிய இன்னும் இருபத்து மூன்று நாட்கள் இருக்கின்றனவாம். தங்கையின் மகன் தினமும் மாலையில் வந்து பெரியம்மாவுடன் பேசிவிட்டுப் போகிறானாம்.